போர்டில் மாறிப்போன வார்த்தை

மழைக்கு ஒதுங்கியவன் அண்ணாந்து போர்டைப் படித்தான்... சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. மழைத்துளி ஒட்டிய அந்த இமைகள் பிடித்திருந்தன என்பதை அவள் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அவள் புதிதாகத் தொடங்கிய குழந்தைகள் காப்பகத்தின் வாசல் அது. அவன் எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். உள்ளே இரண்டு அம்மாக்கள், பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க, குழந்தைங்க தொலைஞ்சு போவாங்கன்னு போர்டுலயே எழுதிட்டீங்க?” என்றான்.

‘வீ லுக் ஃபார் யுவர் சில்ட்ரன்’ என்று ஆங்கிலத்தில் அவளே எழுதிய போர்டு. லுக் ஃபார் என்றால் தேடுவது, பார்த்துக்கொள்வதற்கு லுக் ஆஃப்டர் என்றுதான் வரவேண்டும் என்று அவன் விளக்க, அம்மாக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிக் குடையை விரித்தார்கள்.

“நீங்க உங்க கடைக்குப் போங்க” என்றாள் அவள். கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே போனான்.

வீட்டில் அக்காவிடம் கேட்டாள். அவன் சொன்னதுதான் சரி என்றாள் அக்கா. இருக்கிற வேலையை விட்டுவிட்டு இது எதுக்குடி என்று ஆரம்பத்திலேயே தடுத்தவள். இப்போது அதையும் சேர்த்து ஒரு பாட்டம் பாடித் தீர்த்தாள். மறுநாள் இவள் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபாரை அழித்து ஆஃப்டர் என்று எழுதினாள். எதிர்க்கடைப் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை... அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சில நாள் கழித்து அந்த அம்மாக்கள் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கண்ணாடி மாற்றப் போனபோது கடைக்காரர்தான் பேசினாராம். எழுதும்போது ஒரு வார்த்தை மாறிப்போச்சு, அவங்க பிள்ளைகளைப் பார்த்துக்கிற விதத்தை ஒருநாள் வந்து பாருங்க என்றாராம்.

அவள் தெருவைக் கடந்து கடைக்குள் போனாள்.

“உங்க சிபாரிசு எனக்கு வேண்டாம்.”

துடைத்துக்கொண்டிருந்த லென்ஸை அவன் கீழே வைத்தான்.

“உங்ககிட்ட தனியா சொல்லியிருக்கணும். நாலு பேர் முன்னாடி சிரிச்சது என் தப்புதாங்க. அழுற பிள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு நீங்க நடக்கறத இங்கேருந்து பார்த்துட்டே இருப்பேன். பேச ஒரு சாக்கு வேணும்னு இருந்தேன்... கிடைச்சப்போ சொதப்பிட்டேன்.”

அவளுடைய கோபம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

“பேசறதுன்னா... என்ன பேச?”

“உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. அதான்.”

வெளியே தூறல் பிடித்துக்கொண்டது. அவள் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். இந்தத் தடவை பார்வையை விலக்கவில்லை.

“எனக்கும்தான்... ஆனா எங்க அக்காகிட்ட நீங்கதான் வந்து பேசணும். தமிழ்லயே பேசுங்க, போதும்.”