சைக்கிள் கொடுத்து வாங்கிய கார்டு

"பதினாலு," என்றான் அண்ணன்.

அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. திரையின் மூலையில் தெரிந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். திறந்த வாயை மூட மறந்துவிட்டான்.

நாற்காலிக்குப் பின்னால் நின்ற கொசு எட்டிப் பார்த்தாள். கொசு என்பது அண்ணன் வைத்த பெயர். அவளுக்கு வயது பத்து. காதருகே வந்து எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள் என்பதால் அப்படியொரு பெயர்.

"காலையிலயும் பதினாலுதானேண்ணா இருந்துச்சு?"

"அதான் எனக்குத் தலை சுத்துது. கிராபிக்ஸ் கார்டு போட்டப்புறமும் அதே பதினாலு."

கார்ப் பந்தய விளையாட்டில் ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் மாறுகின்றன என்பதைக் காட்டும் எண் அது. அறுபது என்றால் கார் வழுக்கிக்கொண்டு போகும். பதினாலு என்றால் நொண்டியடிக்கும். திருப்பத்துக்குத் திருப்பம் அண்ணனின் கார் சுவரில் முட்டும். யாராவது சிரித்தால், "கம்ப்யூட்டர் இப்படி இழுத்தா நான் என்ன பண்றது?" என்பான்.

அதற்காகத்தான் படங்களை வேகமாகத் தீட்டித் தரும் இந்தக் கார்டு. அடுத்த தெருவில் இருக்கும் அவன் நண்பனிடமிருந்து வந்தது. உயரத்துக்கும் நீண்ட கழுத்துக்கும் அந்த நண்பனுக்கு ஒட்டகம் என்று பெயர். ஒட்டகத்திடம் ஒரு கார்டு சும்மா கிடந்தது, ஆனால் சைக்கிள் இல்லை. தினமும் பள்ளிக்கு அரை மணி நேரம் நடந்தான். அண்ணனிடம் சைக்கிள் இருந்தது, கார்டு இல்லை. நேற்று இரண்டும் கை மாறின.

"அவன் என்னை ஏமாத்திட்டான்," என்றான் அண்ணன் மெதுவாக.

கொசு திடுக்கிட்டாள். "ஒட்டகம் அண்ணாவா?"

"பின்ன யாரு? செத்துப்போன கார்டைத் தலையில கட்டிட்டு என் சைக்கிளை ஓட்டிட்டுப் போயிட்டான்."

ஒட்டகத்தைப் போனில் கூப்பிட்டான். "சைக்கிளை எடுத்துக்கிட்டு உடனே வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

பத்தே நிமிடத்தில் வாசலில் மணி ஒலித்தது. கிர்ரென்று கரகரக்கும் பழைய மணி அல்ல. ஒட்டகம் அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டிருந்தான். சக்கரங்கள்கூடப் பளபளத்தன.

"என்னடா, கார்டு எப்படி ஓடுது?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"ஓடலை. ஓடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியும்."

ஒட்டகத்தின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "எங்க வீட்ல நல்லாத்தாண்டா ஓடுச்சு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

இருவரும் கொசுவைப் பார்த்தார்கள். அவளுக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

ஒட்டகம் அதற்கு மேல் வாதாடவில்லை. சட்டைப்பையிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்து மேசையில் வைத்தான். "ஏழு வருஷமாப் பழகறோம். நீ என்னைப் பத்தி இப்படி நினைப்பேன்னு நான் நினைக்கல. கார்டைக் கழட்டிக் குடு, நான் போறேன்," என்றான்.

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைத் தேடினான்.

கொசுவின் மனதில் அந்தப் பதினாலு ரீங்கரித்துக்கொண்டே இருந்தது. கார்டு கெட்டுப்போயிருந்தால் எண் குறைந்திருக்கலாம். படமே வராமல் போயிருக்கலாம். முன்பு இருந்த அதே பதினாலு ஏன்?

"ரெண்டு நிமிஷம் கழட்டாதேண்ணா," என்றாள். "விளையாட்டை ஓட விடு. நான் பின்னால போய்ப் பாத்துட்டு வரேன்."

மேசைக்கு அடியில் அவளால் மட்டும்தான் நுழைய முடியும். தவழ்ந்து போய், கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம் உள்ளங்கையைக் காட்டினாள். மேல் பக்கம் சூடான காற்று வந்தது. கார்டு இருக்கும் பக்கம் எதுவுமே வரவில்லை. தகடு சில்லென்று இருந்தது.

'எல்லாரும் வேலை செய்றாங்க. இது மட்டும் தூங்குது.'

டார்ச்சை அடித்தாள். கார்டில் மூன்று துளைகள் இருந்தன. மூன்றிலும் கறுப்பு மூடி அப்படியே இருந்தது. மானிட்டரின் கேபிள் எங்கே போகிறது?

அது பெட்டியின் பழைய துளைக்குள் போயிருந்தது. துளைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திர ஸ்டிக்கர். கேபிளின் நுனியிலும் அதே நட்சத்திரம்.

கொசுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலை மேசையில் 'டங்'கென்று இடித்தது.

அந்த நட்சத்திரங்களை ஒட்டியதே அவள்தான்.

அம்மா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்தக் கம்பியைக் கழற்றினாலும் முதலில் அடையாளம் ஒட்டுவார். அதைப் பார்த்துப் பழகிய கொசுவும், மதியம் கேபிள்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். அண்ணன் கார்டைப் பொருத்தியதும், எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே கச்சிதமாகச் செருகினாள். மானிட்டர் கேபிளையும்தான். அது மட்டும் புதுக் கார்டுக்கு மாறியிருக்க வேண்டும்.

இப்போதே சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். கார்டு தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் அவளைத் திட்டமாட்டார்கள்.

மேசைக்கு அடியிலிருந்து ஒட்டகத்தின் கால்கள் தெரிந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக, ஒடுங்கி நின்றன.

கொசு வெளியே வந்தாள். தலைமுடியெல்லாம் தூசி.

"கார்டு மேல தப்பு இல்ல. ஒட்டகம் அண்ணா மேலயும் இல்ல. நான்தான் மானிட்டர் கேபிளைப் பழைய ஓட்டையிலயே செருகிட்டேன். கம்ப்யூட்டர் கார்டைத் தொடவே இல்ல. அதான் அதே பதினாலு."

அண்ணன் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தான். ஒட்டகம் அவளையே பார்த்தான்.

"நானும் பாக்கல," என்றான் அண்ணன். குரல் உள்ளே போயிருந்தது. "ஒரு தடவைகூட பின்னால பாக்கல. நேரா உன்னைத் திட்டிட்டேன்டா."

"ம்."

"மன்னிச்சிரு."

"காது கேக்கல."

"மன்னிச்சிருடா, ஒட்டகம்."

"இப்ப லேசா கேக்குது," என்றான் ஒட்டகம். உதட்டோரம் சிரிப்பு திரும்பியிருந்தது. அண்ணன் சைக்கிள் சாவியை எடுத்து அவன் சட்டைப்பையில் தானே போட்டான்.

கம்ப்யூட்டரை அணைத்தார்கள். கொசு மறுபடி அடியில் போய்க் கறுப்பு மூடி ஒன்றைக் கழற்றிக் கேபிளைச் செருகினாள். பழைய துளையருகே இருந்த சிவப்பு நட்சத்திரத்தைப் பிய்த்துக் கார்டின் மேல் ஒட்டினாள். கம்ப்யூட்டரைப் போட்டதும் கார்டின் விசிறி ஒரு தடவை 'விர்'ரென்றது.

விளையாட்டு திறந்தது. மூலையில் எண் வந்தது.

தொண்ணூற்று இரண்டு.

சாலையில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். கார் பாய்ந்தது, பறந்தது, முதல் திருப்பத்துக்கு வந்தது.

டமால். சுவர்.

மறுபடி கிளம்பினான். மறுபடி சுவர். மூன்றாவது முறை, சுவரில் மோதிய கார் கரணமடித்து எதிர்ச் சுவரிலும் மோதியது.

"இப்பக் கம்ப்யூட்டர் இழுக்கலையேண்ணா?" என்றாள் கொசு.

அண்ணன் தொண்ணூற்று இரண்டைப் பார்த்தான். கார்டைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, ஜன்னல் வழியே, பளபளத்துக்கொண்டிருந்த சைக்கிளைப் பார்த்தான்.

ஒட்டகம் சட்டைப்பையை இறுக்கிப் பொத்திக்கொண்டான்.