சத்தமில்லாத வளையல்கள்

அந்த ஐப்பசியில், திருப்பரங்குன்றத்திலிருந்து மதுரைக்கு ஓட்டமும் நடையுமாக வந்த சின்னக்கருப்பன் கையில் அரிவாள் இருந்தது. ஓய்வுபெற்ற போலீஸ்காரர் முகைதீன் பிச்சை அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு மோர் கொடுத்தார்.

"எதிர்வீட்டுப் பேயாண்டி கண்ணாடிய வெயில்ல காட்டி, மாசமா இருக்க எம் பொண்டாட்டி கண்ணுல வெளிச்சம் அடிக்கிறான், பாய்! கண்ணே மங்கிப்போச்சு அவளுக்கு. வாய்க்காத் தகராறுல வந்த வன்மம். அவனை விடமாட்டேன்!"

"அவன் அடிச்சதப் பாத்தீகளா?"

"வேற எவன் செய்வான்?"

பிச்சையின் மைத்துனன் ஜலால் துள்ளி எழுந்தான். "ஆளு சிக்கிட்டான், மச்சான்!"

மூவரும் சின்னக்கருப்பன் வீட்டுக்குப் போனார்கள். அவன் மனைவி செல்லத்தாய் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு கையிலும் வளைகாப்பு வளையல்கள். செம்பை வைக்க இடம் தெரியாமல் தடவினாள். பிச்சை அந்தக் கைகளையே பார்த்தார்.

"எப்பத் தாயி மின்னுது?"

"இன்னைக்கும் மின்னுச்சு, நேத்தும் மின்னுச்சுய்யா. தலைவலி வேற மண்டையப் பொளக்குது."

"நேத்துப் பூராம் மழையாச்சே?" ஜலால் குழம்பினான். "அப்பக் கண்ணாடி இல்ல, டார்ச் லைட்டு!"

"கண்ண மூடு தாயி. இப்ப?"

"மூடினாலும் மின்னுது."

சின்னக்கருப்பன் குனிந்து அவள் மூடிய கண்களைப் பார்த்தான். ஜலால் பிச்சை பக்கம் திரும்பினான். "மூடின கண்ணுக்குள்ள எவன் மச்சான் வெளிச்சம் அடிப்பான்?"

"எவனும் இல்ல. கை நிறைய வளையலோட தண்ணி கொண்டாந்துச்சு. சத்தம் கேட்டுச்சா?"

கேட்கவில்லை. வளையல்கள் சதைக்குள் பதிந்திருந்தன.

மாமியார் ஒச்சாயி வாயில் கை வைத்தாள். "பேறுகாலம் வரைக்கும் கழட்டக்கூடாதுன்னேன். பிள்ளை வளருது, அதான் உடம்பு பூரிச்சிருக்குன்னு நெனச்சேனே!"

"பூரிப்பு இல்லம்மா, வீக்கம். எம் மக சைனப்புக்கும் இப்படித்தான் வந்துச்சு. வீக்கம், தலைவலி, கண்ணுல மின்னல், எல்லாம் சேந்தா அடுத்து வலிப்புன்னு டாக்டரம்மா சொன்னாக. ரெண்டு உசுரு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டி?"

தெருவில் வண்டி வைத்திருந்தவன் பேயாண்டி மட்டும்தான். சின்னக்கருப்பன் தலை குனிந்தான். பிச்சை போய்ச் சொன்னார். பேயாண்டி உடனே எழுந்தான். மாட்டைப் பூட்டினான், குலுங்காதிருக்க வைக்கோலைப் பரப்பி, மேலே தன் மெத்தையையும் விரித்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிச்சை பார்க்கப் போனபோது செல்லத்தாய் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள், வளையல்கள் கலகலத்தன. தூரத்து வாசலைப் பார்த்தவள், "அங்க நிக்கிறது பேயாண்டி அண்ணந்தானே? உள்ள வாங்கண்ணே!" என்றாள்.

சின்னக்கருப்பன் எழுந்து தன் முக்காலியை அவனுக்குத் தள்ளினான்.

"உங்க அரிவாள் எங்க வீட்லயே கிடக்கு," என்றார் பிச்சை.

"இளநி வெட்ட வச்சுக்கங்க, பாய்."