முந்தச் சொன்ன கை

"என் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நான் ஒண்ணரை மணி நேரம் மாட்டிக்கிட்டு ஹாரன் அடிச்சிருக்கேன் மாப்ள. முன்னால போனதும் நான்தான், பின்னால வந்ததும் நான்தான். வழிய விடாம என்னை நானே அந்தப் பாடு படுத்தினேன்!"

மாமனார் இதைச் சொல்லி முடித்தபோது கார் ஐந்தாவது காட்சிமுனையில் நின்றிருந்தது. பிற்பகல் மூன்று மணி. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி, மூன்று சிகரங்கள், ஓர் அருவி இருப்பதாகப் பலகை சத்தியம் செய்தது. பலகைக்குப் பின்னால் வெறும் வெள்ளை. மருமகனுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. காற்று பலமாகத்தான் வீசியது. பின் சீட்டில் மனைவியின் சால்வைகூட ஜன்னல் வழியே படபடத்தது. மூடுபனி மட்டும் ஓர் இழை நகரவில்லை.

அவன் லிஃப்ட் பரிசோதகன். லிஃப்டின் தரைக்கும் மாடித் தரைக்கும் நடுவே நூலளவு ஏற்ற இறக்கம் இருந்தாலும் கையெழுத்துப் போடாத ஆள். ஏழு காட்சிமுனைகள், முனைக்கு இருபது நிமிடம் என்று தாளில் எழுதி, கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வந்திருந்தான். இதுவரை ஐந்து முனைகள், ஐந்து வெள்ளைப் படங்கள். போதாக்குறைக்குப் பக்கத்தில் மாமனார். இருபத்தொன்பது வருஷம் இந்தக் கணவாயில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பேச்சை நம்பினால், இந்த மலையின் பாதி வளைவுகள் அவர் ஸ்டீயரிங்கை ஒடித்த ஒடிப்பில் உண்டானவை.

"பின்னால வந்த நீங்க முன்னால போன உங்களை முந்திட வேண்டியதுதானே?" என்றான் எரிச்சலாக.

"முன்னால போனவன் கைய நீட்டிப் போ போன்னு காட்டினான். காட்டினது யாரு? நான். எதிர்ல என்ன வருதுன்னு பாக்காமலே கை காட்டிவிடுற ஆளு நான். என்னை நான் நம்புவேனா? பேசாம பின்னாலேயே வந்துட்டேன்."

பின் சீட்டில் மனைவி சிரித்தாள். "போன தடவை முக்கால் மணி நேரம்னீங்கப்பா."

"அதுக்கப்புறம் மலை வளர்ந்துடுச்சும்மா."

அவள் வாந்தி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு சீட்டில் நீட்டிப் படுத்தாள். "என்னங்க, ஏழாவது முனை வந்தா எழுப்புங்க. அங்கயும் வெள்ளைதான்னா எழுப்பவே வேணாம்." சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

ஆறாவது முனையையும் வெள்ளையாகப் படம் எடுத்துவிட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில்தான் அந்தக் கார் முன்னால் வந்து வாய்த்தது.

ஊர்ந்தது. எறும்புகூட அதை முந்திப் போய் வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கும். பின் விளக்குகளில் வலது பக்கம் மட்டும் சிவப்பாக எரிந்தது, இடது பக்கம் இருட்டு. ஒரு பக்கம் ஈரம் வழியும் பாறை, மறுபக்கம் பள்ளம். காருக்குள் ஈர மண்ணும் பிரேக் தேய்ந்த கருகலும் கலந்து நாறின. மேலே மரங்களிலிருந்து சொட்டிய நீர் கூரையில் விரல் நுனியால் தட்டுவதுபோல விட்டு விட்டு விழுந்தது. அவன் ஹாரன் அடித்தான்: ரெண்டு சின்னது, ஒரு நீளம். முன்னால் போன கார் பதிலுக்கு மெதுவானது. மறுபடி அடித்தான். இன்னும் மெதுவானது.

"யாருய்யா இவன்? வண்டி ஓட்றானா, ஊர்வலம் போறானா?"

மாமனார் வாயிலிருந்து இதற்கு நாலு கதையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் முன்னால் போன காரின் இருண்ட விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, நம்ம வண்டில இடது பக்க பல்பு மாத்தினீங்களா?"

"போன வாரமே மாத்தணும்னு இருந்தேன். ஏன்?"

"கொஞ்சம் தள்ளியே ஓட்டுங்க."

"ஏன் மாமா?"

"சொன்னா கேளுங்க."

கேட்கும் நிலையில் அவன் இல்லை. காலையிலிருந்து சேர்ந்த ஆத்திரம் முழுவதும் இப்போது ஹாரனில் இறங்கியது. அப்போது முன்னால் போன காரின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. போ, போ என்று ஆட்டியது.

இந்தக் கணவாயில் அது ஒரு சட்டம். முன்னால் போகிறவனுக்குத்தான் எதிர்ப் பாதை தெரியும். அவன் கை காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு முந்தலாம். காட்டாதவரை முந்தக் கூடாது. காலையில் மாமனாரே சொல்லித் தந்தது.

அவன் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

"மாப்ள, வேணாம்!"

இரண்டு கார்களும் பக்கம் பக்கமாக வந்தன. முதலில் அந்தக் காரின் பின் ஜன்னல் தெரிந்தது. கண்ணாடி உள்ளே ஆவி படிந்து கிடந்தது. அதில் இரண்டு உள்ளங்கைகள். அறைந்தன. நிறுத்தாமல் அறைந்தன. கைகளுக்கு நடுவே துடைபட்ட இடத்தில் ஒரு முகம், வாய் அகலத் திறந்து. சத்தம் துளிகூட வெளியே வரவில்லை.

அவன் மனைவியின் முகம்.

பிறகு டிரைவர் ஜன்னல். கன்னமெல்லாம் நனைந்த ஓர் ஆள் எதையோ கத்திக்கொண்டிருந்தான். கண்கள் இவனைப் பார்க்கவில்லை. இவன் காரின் பின் சீட்டைப் பார்த்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. முந்தாநாள் லிஃப்ட் கதவில் இவனுக்கு நசுங்கிய அதே விரல்.

முந்திவிட்டான்.

வண்டியை நிறுத்தித் திரும்பினான். சால்வை இருந்தது. செருப்பு இருந்தது. மாத்திரை அட்டை இருந்தது. சால்வையைத் தூக்கினான். சீட்டில் வெதுவெதுப்பு மட்டும் இருந்தது.

"எங்க மாமா அவ?"

மாமனார் கண்களை இறுக மூடியிருந்தார்.

"மாமா! முந்தினா என்ன ஆகும்? உங்க கதையில முந்தினா என்ன ஆகும்?"

"தெரியாது மாப்ள. நான் முந்தலையே." அவர் குரல் ஒடுங்கிப் போயிருந்தது. "நான் முந்தவே இல்லையே."

பின்னால் ஹாரன் கேட்டது.

வெள்ளைக்குள் இரண்டு மங்கலான விளக்குகள் தெரிந்தன. அவன் இறங்கி அவற்றை நோக்கி ஓடினான். நூறு அடி. இருநூறு அடி. விளக்குகள் கிட்டவும் வரவில்லை, எட்டவும் போகவில்லை. ஹாரன் மட்டும் அலறியது. பொறுமை இழந்த ஹாரன். அவன் கைக்கே உரிய அடி: ரெண்டு சின்னது, ஒரு நீளம்.

திரும்பி வந்து ரிவர்ஸில் போய்ப் பார்த்தான். விளக்குகளும் பின்வாங்கின. குறுக்கே நிறுத்திப் பார்த்தான். அவையும் நின்றன. ஸ்டீயரிங்கைக் குத்தினான், பிளாஸ்திரிக்கு அடியில் ரத்தம் கசிந்தது. ஒரு மில்லிமீட்டர் தப்பைக்கூடக் கண்டுபிடிக்கிற அவனால் இருநூறு அடி தூரத்தைக் கடக்க முடியவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. அந்தக் காரை ஓட்டுகிறவனும் அவனேதான், சட்டப்படி நடப்பவன். கை காட்டாமல் முந்த மாட்டான்.

"அவ அந்த வண்டில இருக்கா மாமா. பக்கத்துல வரவெச்சாத்தான் பிடிக்க முடியும்."

"கை காட்டாதீங்க மாப்ள."

"வேற வழி சொல்லுங்க!"



அவன் வண்டியை மெதுவாக நகர்த்தினான். ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினான். ஈரம் விரல்களில் ஒட்டியது.

போ. போ.

வந்தது. பக்கத்தில் வந்தது. முதலில் மாமனார், இன்னொரு மாமனார், வேணாம் என்று வாயசைத்தபடி. அவருக்கு அப்பால், ஆத்திரத்தில் சிவந்த அவன் முகம். அதன் பின்னால், சீட்டில் சால்வை போர்த்தி, மூச்சுக்கு மூச்சு தோள் ஏறி இறங்க, அவள். தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துடா! முந்தாத! நிறுத்து!"

கத்தினான். அந்தக் காரின் கண்ணாடிகள் மூடியிருந்தன. கேட்கவில்லை. ஸ்டீயரிங்கை ஒடித்து இடித்து நிறுத்தலாம். அந்தக் கார் பள்ளத்தின் ஓரத்தில் போய்க்கொண்டிருந்தது. இடித்தால் அவளும் சேர்ந்து உருள்வாள். ஸ்டீயரிங்கை நேராகவே பிடித்தான். கன்னம் நனைந்தது.

கார் தாண்டியது. ஒற்றைச் சிவப்பு விளக்கு. வெள்ளை. ஒன்றுமில்லை.

சொட்டு நீர் கூரையில் விழுந்தது. எஞ்சின் அணைந்துபோயிருந்தது.

அப்போதுதான் அது காதில் விழுந்தது. பின் சீட்டுப் பக்கத்திலிருந்து. இவ்வளவு நேரமும் அவன் கத்தலுக்கு அடியில் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது.

பட். பட். பட்.

கண்ணாடியில் உள்ளங்கை.

இருவரும் திரும்பவில்லை. மாமனார் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் ஐஸாக இருந்தன.

அறைவது நின்றது. அவன் கழுத்துக்குப் பின்னால், மிக அருகில், அவள் குரல் கேட்டது. அதே குரல். ஆனால் சொல்லோடு மூச்சு வரவில்லை.

"என்னங்க, அந்தக் காரை ஏன் விட்டீங்க? நான் அதுலதானே தூங்கிட்டு இருக்கேன்?"

மாமனார் அழ ஆரம்பித்தார். "பொய் மாப்ள. நான் சொன்னது அத்தனையும் பொய். பஸ்ஸும் இல்ல, கையும் இல்ல, சும்மா சிரிக்கிறதுக்காக அளந்தது. இப்படியெல்லாம் நடக்கவே நடக்காது. நடக்காதுன்னு சொல்லுங்க மாப்ள."

முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படியத் தொடங்கியது. சீட்டுகளுக்கு நடுவிலிருந்து நனைந்த ஒரு கை மெல்ல நீண்டு வந்து அதைத் துடைத்தது. துடைத்த இடத்தில் பாதையும் இல்லை, பாறையும் இல்லை. வெள்ளைதான் இருந்தது.

"நடந்துச்சு மாமா," என்றான் அவன்.