வலது கையில் ஒரு புள்ளி

போன் அலறியது.

ஸ்கேன் சென்டரின் டெக்னீஷியன் எடுத்தாள். மறுமுனையில் இன்ஸ்பெக்டர்.

"மேடம், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்க அண்ணன் மாடிப்படியில தானா விழலை... யாரோ முகத்துல குத்தியிருக்காங்க. தாடை உடைஞ்சிருக்கு."

அண்ணன் செத்து நாலு நாள்தான் ஆகிறது.

"அன்னிக்கு வீட்ல இருந்தது உங்க கணவர் மட்டும்தான்."

"அவரா? அவருக்கு முடக்குவாதம் சார், கை மூட்டெல்லாம் வீங்கி மடக்கவே முடியாது. ரெண்டு வருஷமா சாப்பாடே நான்தான் ஊட்டி விடறேன்."

"அதைத்தான் அவரும் சொன்னார். கை வீங்கியிருக்கு, வேணும்னா ஸ்கேன் எடுத்துப் பாருங்கன்னு அவரே கேட்டார். கூட்டிட்டு வரேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரெண்டு வருஷமாகக் கெஞ்சியிருக்கிறாள். ரேடியேஷன்னா பயம் என்று நழுவிக்கொண்டே இருந்தவர், இன்று தானே வருகிறார்!

வந்தார். இன்ஸ்பெக்டர் அவரை விட்டுவிட்டு வெளியே போனார்.

லேசான கதிரியக்கமுள்ள மருந்து ஊசி வழியாக ஏறியது. எலும்பில் எங்கே வீக்கமோ அடியோ இருக்கிறதோ, அங்கே போய்ச் சேரும். படத்தில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

மூன்று மணி நேரம் காத்திருந்து, கேமராவுக்குக் கீழே படுக்க வைத்தாள்.

படம் மெல்ல மெல்ல நிரம்பியது.

முடக்குவாதம் என்றால் இரண்டு மணிக்கட்டும், இரண்டு கை விரல் மூட்டுகளும் ஜோடியாக ஒளிர வேண்டும்.

ஒன்றுமில்லை.

ஒரே ஒரு புள்ளி... வலது கையில், சுண்டு விரலுக்குக் கீழே. மூட்டில்கூட இல்லை, எலும்பில். கோபத்தில் சுவரைக் குத்திவிட்டு வருகிறவர்களிடம் அந்தப் புள்ளியை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். புது முறிவு.

நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இந்த ஆளுக்குப் பல் விளக்கி விட்டிருக்கிறாள். லூசு மாதிரி!

உள்ளே போனாள்.

"வாதம்தானேம்மா?" என்றார் கணவர்.

"வாதமே இல்லை. ஒரு எலும்பு உடைஞ்சிருக்கு. யாரைக் குத்தினீங்க?"

அவர் முகம் வெளுத்தது. எழுந்து உட்கார்ந்தார்.

"வீங்கியிருந்தா வாதம்னுதான் காட்டும்னு நினைச்சேன்..."

"எங்க அண்ணனை ஏன்?"

"நான் கிரவுண்ட்ல ஷட்டில் ஆடறதைப் பார்த்துட்டான். வீட்டுக்கே வந்து, உன்கிட்ட சொல்றேன்னு போனை எடுத்தான். ஒரே ஒரு குத்துதான்... படியில உருண்டுட்டான்."

"இந்த ரெண்டு வருஷம்?"

"முதல் மாசம் நிஜமாவே வலிச்சதும்மா. நீ பார்த்துப் பார்த்து கவனிச்சியா... சுகமா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

அறைந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"யாருக்கும் தெரிய வேணாம். வேற பேஷண்ட் படத்தை என் பேர்ல போட்டுடு. புருஷனுக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?"

"எனக்கு இருந்தது ஒரே அண்ணன்டா."

அவளையும் அறியாமல் 'டா' விழுந்தது.

அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத கை... இரும்புப் பிடி!

"படத்தை அழி!"

"எதை அழிக்கறது? எடுத்து முடிச்ச நிமிஷமே அது தானா டாக்டர் ரூம் கம்ப்யூட்டருக்குப் போயிடும். இன்ஸ்பெக்டர் அங்கேதான் உட்கார்ந்திருக்கார். உன் வாயால கேட்கணும்னுதான் நான் உள்ளே வந்தேன்."

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர், பின்னால் டாக்டர். பிடித்த கை பிடித்தபடியே இருந்தது.

விலங்கு மாட்டியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொழில் பழக்கம் விடவில்லை.

"சார், இந்த ஆள் உடம்புல இன்னும் மருந்து இருக்கு. நாளைக்கு வரைக்கும் குழந்தைங்க, கர்ப்பிணிங்க யார் பக்கத்துலயும் உட்கார வைக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"கவலையே படாதீங்க மேடம். சாருக்குத் தனி ரூம்தான்... பூட்டு மட்டும் வெளிப்பக்கம் இருக்கும்!"