அணையாத ஆயில் லைட்

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் அம்பாசடர் காரின் டாஷ்போர்டில் ஆயில் லைட் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

தைரியராஜ் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி அங்கேதான் இருந்தது. பாலக்கரை ஷெட்டின் தகரக் கூரை சித்திரை வெயிலில் படபடவென்று விரிய, டீசலும் கிரீஸும் வேர்வையும் கலந்த வழக்கமான வீச்சத்துக்கு அடியில், காலையிலிருந்தே வேறொரு வாடை கசிந்துகொண்டிருந்தது. வெள்ளம் வடிந்த ஆற்றின் சேற்று வாடை.

பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு இந்தப் பழைய டீசல் இன்ஜினை ஏற்றச் சொன்னவர் ஸ்ரீரங்கத்துக் காசிநாதன். அவருடைய வேனைத்தான் தைரியராஜின் தம்பி அமிர்தசாமி ஓட்டினான். ஐப்பசி வெள்ளத்தின்போது அவனும் வேனும் காணாமல் போக, திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னவரும் அவரே. அன்றிலிருந்து தம்பி மனைவி லூர்துராணி கோயில் பூசைக்குக்கூடப் போவதில்லை. அந்த ஆளின் வாயிலிருந்து தம்பியைப் பற்றி ஒரு சொல்லாவது விழாதா என்றுதான் தைரியராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு இந்த வேலையை எடுத்திருந்தான்.

"ஒரு லைட்ட அணைக்க ஒரு நாளா?" வாசலில் காசிநாதன். "நீயெல்லாம் மெக்கானிக்குன்னு வெளிய சொல்லிக்காத."

"இன்ஜின் எங்க புடிச்சீங்க, மொதலாளி?"

"புத்தூர்ல ஒரு வேன் உடைச்சாங்க. வேலையப் பாருய்யா."

தைரியராஜ் பானெட்டுக்குள் குனிந்தான். ஆயில் சென்ஸாரிலிருந்து கிளம்பும் ஒயர், இன்ஜினோடு வந்த பழைய துண்டு. டேப்பைப் பிரித்தான். ஈரம். ஆற்றுமணல் உதிர்ந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் பழுப்புக் கயிறு.

டேப் இல்லாத அவசரத்துக்குக் கழுத்தில் போட்ட மாதா பட உத்தரியத்தின் கயிற்றை அறுத்து ஒயர் கட்டுகிறவன் அமிர்தசாமி ஒருவன்தான். இன்ஜின் ஃபேன் அவன் ஆள்காட்டி விரலில் பாதியை வெட்டியிருந்தது. அதனால் முடிச்சு எப்போதும் கோணலாகவே விழும்.

இதுவும் கோணல்.

ஒயரை வெட்டினான். லைட் அப்போதும் எரிந்தது.

ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் பிளாக்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தான். ஓடுகிற இன்ஜினின் கோளாறை அப்படித்தான் கேட்பது. ஓடாத இன்ஜினில் ஒன்றும் கேட்கக்கூடாது.

தண்ணீரின் சத்தம் கேட்டது. அப்புறம், உள்ளங்கை கண்ணாடியை அறையும் சத்தம். டப். டப்டப்.

"டேய்! இது எந்தம்பி வேன் இன்ஜின்டா!"

காசிநாதனின் முகம் வெளுத்தது. "உளறாத. தள்ளு, நானே பாக்குறேன்." டிரைவர் சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார்.

நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன. கண்ணாடிகள் ஏறின. கைப்பிடியை யாரும் சுற்றவில்லை.

உள்ளே தண்ணீர். செங்கலங்கல். முழங்கால். மார்பு. வெளியே ஷெட் தரை காய்ந்தே கிடந்தது.

"தொறய்யா! தைரியராஜு!"

"எந்தம்பி எங்க?"

"வேனுக்குள்ளயே செத்துக் கெடந்தான்யா... கொள்ளிடம் மணல்லயே பொதச்சுட்டோம்... கேஸாயிடும்னு பயந்து... தொறய்யா!"

தைரியராஜ் கதவின் கைப்பிடியைப் பிடித்தான். இழுத்தான். யாரோ உள்ளிருந்து இழுத்தார்கள்.

காசிநாதனின் இரண்டு கைகளும் கண்ணாடியை அறைந்தன. டப். டப்டப்.

அவற்றுக்குக் கீழே மூன்றாவது கை. ஊறி வெளுத்த கை. கதவை உள்ளிருந்து இறுகப் பிடித்திருந்தது. ஆள்காட்டி விரல் பாதி.

தைரியராஜ் தன் கையை எடுத்தான்.