ஓர்பியஸுக்கு ஒரு வயலின்

வயலின் நரம்பிலிருந்து வில்லை எடுத்த பிறகும் முதுகுக்குப் பின்னால் தாளம் நிற்கவில்லை. தொடையில் உள்ளங்கை விழும் மெல்லிய சத்தம், பிறகு விரல்கள், மறுபடி உள்ளங்கை. வரதராஜா கேட்டுக்கொண்டிருந்தான். பயம் வர வேண்டும் என்று நினைத்தான். வரவில்லை. தர்சினி போன பிறகு அவனுக்குள் எதுவும் வருவதில்லை.

அவள் பாட, அவன் வயலின் வாசிப்பான். பல கோயில் மேடைகளில் கணவனும் மனைவியும் சேர்ந்தே ஏறியிருக்கிறார்கள். அவளைத் தகனம் செய்த பிறகு இன்று மாலைதான் வயலினைத் தொட்டான், அதுவும் மகள் கௌசிகா கேட்டதற்காக. பள்ளிக்கூடத்தில் ஓர்பியஸ் நாடகம் போடுகிறார்கள், அதற்கு அப்பா வாசிக்க வேண்டுமாம். பாம்பு கடித்து இறந்த மனைவியைத் தேடி, யாழ் மீட்டிக்கொண்டே பாதாளத்துக்கு இறங்கிப்போன கிரேக்க இசைக்காரன். அந்த இசைக்கு இரங்கிய பாதாள அரசன் அவளை அவன் பின்னால் அனுப்பினான். வெளியே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்றான்.

“கடைசியிலை பார்த்திட்டானப்பா,” என்று ரியூசனுக்குப் போகும் வழியில், காரில் கௌசிகா சொன்னாள்.

அவளை இறக்கிவிட்டு வந்தபோது டூங்கபிப் புறநகரில் இருந்த அவர்கள் வீட்டில் யாரும் இல்லை. இப்போதும் அவன் மட்டும்தான். ஹீற்றரில் தூசி கருகும் வாசனைக்குள், நெய்யும் சந்தனமும் எரிகிற இன்னொரு வாசனை மெல்லக் கலந்தது. தர்சினியாக இருக்கட்டும் என்று நினைத்து, திரும்பாமல், எதிரே இருந்த வாசல் கதவைப் பார்த்தபடியே மறுபடி வாசித்தான். நடைவழிக் கார்பெட்டில் எதுவோ இழுபட்டு இழுபட்டு வந்தது. வில் தயங்கினால் அதுவும் தயங்கியது. பிறகு, கழுத்துக்குப் பின்னால், ஒரு முனகல். அவனோடு சேர்ந்து பாடப் பார்த்தது.

சுருதி விலகியிருந்தது.

தர்சினிக்கு ஒருநாளும் சுருதி விலகியதில்லை.

கதவு திறந்தது. ரியூசனிலிருந்து கௌசிகாவைக் கூட்டிவந்த அன்ரியின் கார் புறப்படும் சத்தம். அவள் புத்தகப் பையோடு வாசலிலேயே நின்றாள். அவள் பார்வை அவன் தோளுக்கு மேலே போயிருந்தது.

“வாசிக்காதேங்கோ அப்பா,” என்றாள், மிக மெதுவாக. “வாசிக்க வாசிக்க அது கிட்ட வருது.”

“அம்மாவோ?”

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

கையை நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. வில் போனது. வந்தது. கை அவனுடையதுபோல் இல்லை.

தோளில் ஏதோ விழுந்தது. பிறகு வயலினில். ஈரமான பச்சரிசி. தர்சினிக்கு அவன் போட்ட வாய்க்கரிசி.

மகளின் கண்கள் மேலும் விரிந்தன. அவனுக்குப் பின்னால், முனகிய அந்த வாய் இன்னும் அகலமாகத் திறந்துகொண்டிருந்தது. அரிசி கொட்டிக்கொண்டே இருந்தது.