நிழல் பக்கத்து டயர்

நிழல் பக்கத்து டயர் வெயில் பக்கத்து டயரைவிடச் சூடாக இருந்தது.

வெஸ்லி ரேடன் இரண்டு மைல் தூரம் அதைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டினான். ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருந்த சின்னத் திரையில் நான்கு கட்டங்கள். பிக்கப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் பூட்டி இழுத்து வரும், வீடுபோல அமைந்த டிரெய்லரின் நான்கு சக்கரங்களுக்கும் தலா ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் காற்று எவ்வளவு, சூடு எவ்வளவு என்று எண்கள். ஆகஸ்ட் மாதப் பிற்பகல், சாலை கிழக்கே போகிறது, சூரியன் வலப்பக்கம். வலது டயர்கள் இரண்டும் நூற்றுப் பதினெட்டு டிகிரி பாரன்ஹீட். இடது முன் டயர் நூற்றுப் பத்து. இதெல்லாம் சரி. இடது பின் டயர் நூற்று முப்பத்தொன்று.

டோனபாவை விட்டு ஐம்பது மைல் வந்தாயிற்று. ஈலி ஊருக்கு இன்னும் நூற்றுப் பதினெட்டு. நடுவில் டீசல் இல்லை, ஆள் இல்லை, போன் எடுக்காது. ஈலிக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கிடங்கு இருக்கிறது. அங்கே நசுக்கும் எந்திரம் இருக்கிறது. "நாலு மணிக்கு கேட்டைப் பூட்டிட்டு நான் பாட்டுக்குப் போயிடுவேன் கண்ணு, வெள்ளிக்கிழமை வேற" என்று அங்கிருந்த பெண் போனில் சொல்லியிருந்தாள். நான்கு மணிக்குள் டிரெய்லர் தன் நான்கு சக்கரங்களில் உருண்டு அந்த வாசலுக்குப் போக வேண்டும். அது தகடாவதை அவன் நின்று பார்க்க வேண்டும். இந்தப் பதினோரு மாதத்தில் அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

நேற்று டயர் கடையில் ஹெர்ஷல் கிழவர் சிரித்தார்.

"ஏன் தம்பி, கறிக்குப் போற குதிரைக்குப் புது லாடமா?"

"விடு பெருசு. மச்சான் படிச்சவன்" என்றான் டென்னி. வெஸ்லியின் மனைவி கோராவின் அண்ணன். சோடா எந்திரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். "படிச்சவனுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் புத்தி வரும்."

வெஸ்லி புது டயர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டேய், நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்றான் டென்னி.

"எந்த அர்த்தமா இருந்தாலும் சரிதான்" என்றான் வெஸ்லி. "தேதியக் காட்டுங்க."

ஹெர்ஷல் முழங்கால் மடக்கிக் குனிந்து, டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருந்த நான்கு எண்களின்மேல் விரலை வைத்தார். "இருபத்திரண்டாவது வாரம், இந்த வருஷம். அடுப்புல இருந்து எடுத்த ரொட்டி மாதிரி, சூடு ஆறல. நாலும் அதே வாரம். எம்பது பவுண்ட் காத்து. காலைல வெயில் படுறதுக்கு முன்னாடி அளந்து பாரு. ஓட ஓட எண் ஏறத்தான் செய்யும், பயந்துபோய் காத்தப் புடுங்கிடாத."

"தூக்கி ஒரு லாரில வச்சு அனுப்பிடலாம்ல?" என்றான் டென்னி, மெல்ல.

"இல்ல. உருண்டுதான் போகணும். ஒரு டயரும் வெடிக்காம."

போன ஆகஸ்டில் கோராதான் கேட்டாள், இந்த டயருக்கு எத்தனை வயசு என்று. அவன் பையிலிருந்து ஒரு செம்புக் காசை எடுத்து டயரின் பள்ளத்தில் தலைகீழாகச் செருகிக் காட்டினான். காசில் இருந்த தலை முக்கால்வாசி புதைந்தது. "பாரு, புதுசு மாதிரி இருக்கு" என்றான். வருடத்துக்கு நான்கு தடவை உருளும் டயர் தேயாது. நின்ற இடத்திலேயே வெயிலில் உள்ளுக்குள் செத்துப்போகும். அந்தக் காசு காருக்குச் சொல்லும், டிரெய்லருக்குச் சொல்லாது. பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களை அவன் வாசிக்கவில்லை. அந்த டயருக்கு எட்டு வயது.

முன் சீட்டில் தலை சுற்றுகிறது, பின்னால் படுத்துக்கொள்கிறேன், அரை மணி நேரம்தான் என்று கோரா டிரெய்லரில் ஏறிக்கொண்டாள். கூடாது என்று இருவருக்கும் தெரியும். எல்லோரும் செய்வதுதான். டயர் வெடித்தது அவனுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம். ஒன்று போனால் மற்றது சுமக்கும். கிழிந்த ரப்பர் தரைப்பலகையை அடித்துப் பிளந்தது, தேய்ந்த சக்கரத்தில் தீப்பிடித்தது, புகை மேலே ஏறியது. அவன் பாட்டுப் போட்டிருந்தான். எதிரே வந்த லாரிக்காரன் விளக்கடித்துக் காட்டும்வரை ஒன்பது மைல். உள்ளே அவளுக்கு உயிர் இல்லை. அவளுடைய வலது கை விரல்முட்டிகளில் தோல் இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

அதன்பின் டிரெய்லர் அவன் வீட்டுக் கொல்லையில் நின்றது. ஒவ்வொரு காலையும் இடப்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருக்கும். பலகை வைத்து நிமிர்த்துவான். மறுநாள் சாய்ந்திருக்கும். மண் இளகல் என்று முதலில் நினைத்தான். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டு, கிடங்குக்குப் போன் செய்தான்.

இடது பின் டயர் நூற்று முப்பத்தெட்டு.

சாலையோரம் நிறுத்தி இறங்கினான். கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அறைந்தது. தார் உருகும் வாசனை, காய்ந்த புதர்களின் கசப்பு வாசனை, அவற்றுக்கு அடியில் மெல்லியதாக, இந்தச் சாலைக்குச் சொந்தமில்லாத கருகிய ரப்பர் வாசனை. சக்கரத்தின் நடுக்குடத்தைப் புறங்கையால் தொட்டான். இளஞ்சூடுதான். பேரிங் பிடிக்கவில்லை, பிரேக் இழுக்கவில்லை. நட்டுகள் இறுக்கமாக இருந்தன. காற்றும் குறையவில்லை. ஆனால் டயரின் வயிறு தரையில் பிதுங்கியிருந்தது, மற்ற மூன்றும் பிதுங்காதபடி. சுமை ஏறிய டயர் அப்படித்தான் பிதுங்கும்.

டிரெய்லரில் எதுவும் கிடையாது. கட்டில், அடுப்பு, மேசை, அலமாரி எல்லாவற்றையும் அவனே கழற்றி எறிந்திருந்தான். வெறும் கூடு. ஆனாலும் பூட்டைத் திறந்து உள்ளே பார்த்தான். ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் தூசு மிதந்தது. இடப்பக்கத் தரையில், சக்கரத்துக்கு மேலே, ஓட்டையை மூட அவன் அறைந்த புதுப் பலகை. அந்தப் பலகை நடுவில் குழிந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மயிரிழை இன்னும் குழிந்தது.

வெஸ்லி கதவைச் சாத்தினான். பூட்டினான். இழுத்துப் பார்த்தான்.

"உக்காந்துக்கோ" என்றான் கதவைப் பார்த்து. "இந்த டயர் உன்னத் தாங்கும்."

மணி இரண்டு.

அடுத்த முப்பது மைல் அவன் திரையையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தான். மணிக்கு அறுபது மைல். அதற்கு மேல் போனால் டயருக்கு ஆகாது, கீழே போனால் நேரத்துக்கு ஆகாது. வண்டிக்குள் குளிர்காற்று எந்திரத்தின் சீரான மூச்சு, கண்ணாடியில் மணல் துகள்கள் உரசும் சத்தம், பின்னால் கொக்கி முனகும் சத்தம். ரேடியோ இல்லை; போன செப்டம்பரில் அதைப் பிடுங்கிவிட்டிருந்தான், அந்த இடத்தில் கம்பிகள் மட்டும் தொங்கின. இடது பின் டயரின் எண் இறங்கத் தொடங்கியது. நூற்று முப்பது. நூற்று இருபத்தொன்று. தோள்கள் தளர்ந்தன. அப்போது இடது முன் டயரின் எண் ஏறியது.

நூற்றுப் பதினெட்டு. நூற்று இருபத்தாறு. நூற்று முப்பத்தைந்து.

சுமை நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. பின் சக்கரத்தின் மேலிருந்து முன் சக்கரத்தின் மேலுக்கு, மூன்றடி தூரம். அதை நடக்க முப்பது மைல் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அவசரமே இல்லை.

மலையேற்றம் தொடங்கியது. எஞ்சின் முக்கியது. வெறும் கூட்டை இழுக்க இந்த வண்டி இப்படி முக்காது. காலியாக எடை போட்டபோது மூவாயிரத்து எழுநூறு பவுண்ட். இப்போது பெடலை முக்கால்வாசி அழுத்தியும் வேகம் நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. கோராவின் எடை நூற்றுப் பதினெட்டு பவுண்ட். ஐஸ்கிரீம் தின்ற நாளில் நூற்றிருபது என்பாள்.

அப்போது தட்டும் சத்தம் கேட்டது.

டிரெய்லரின் முன்சுவர். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. உலோகத் தகட்டின் மேல் விரல்முட்டி. நடுவில் வெட்டவெளி, காற்றின் இரைச்சல், இரண்டு கண்ணாடிகள். எல்லாவற்றையும் தாண்டி, காதருகே தட்டுவதுபோலத் தெளிவாக.

கால் தானாக பிரேக்குக்கு நகர்ந்தது. இந்தச் சத்தம் கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று பதினோரு மாதம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டவன். ஒன்பது மைல் முழுக்க இப்படித்தான் கேட்டிருக்கும். இப்போது கேட்கிறது. நிறுத்து. இறங்கு. கதவைத் திற.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

இடைவெளிதான் அவனைக் காப்பாற்றியது. அளந்து வைத்ததுபோல இருந்தது. கோரா பொறுமையாகத் தட்டியிருக்க மாட்டாள். குளியலறைக் கதவைக்கூட இரண்டு கையாலும் அறைபவள். வெளியே வர வேண்டும் என்று தட்டுபவர்கள் இப்படித் தட்ட மாட்டார்கள். திறப்பான் என்று தெரிந்தவர்கள்தான் இப்படித் தட்டுவார்கள்.

காலை பிரேக்கிலிருந்து எடுத்தான். பெடலைத் தரையோடு அழுத்தினான்.

"நீ அவ இல்ல" என்றான். குரல் உடைந்தது, திரும்பச் சொன்னான், உடையாமல். "நீ அவ இல்ல. தட்டு. கை வலிக்கிற வரைக்கும் தட்டு. நாலு மணிக்கு உன்னத் தகடாக்கிட்டுத்தான் நிப்பேன்."

தட்டுவது நின்றது.

கணவாயின் உச்சி. மறுபக்கம் இறக்கம். கீழே வெளிறிய பள்ளத்தாக்கு, நூல்போலச் சாலை. மணி மூன்று பத்து. அவன் திரையைப் பார்த்தான். இடது முன் டயர் நூற்றுப் பன்னிரண்டு. இடது பின் டயர் நூற்றுப் பன்னிரண்டு. வலது இரண்டும் நூற்றிருபது. ஹெர்ஷல் வரைந்து கொடுத்திருந்தால்கூட இவ்வளவு அழகாக வராது. நான்கு நல்ல டயர்கள். சுமையே இல்லாத டயர்கள்.

பிக்கப்பின் முன்பக்கம் மெல்ல மேலே எழுந்தது.

ஸ்டியரிங் கையில் லேசானது, தண்ணீரில் கிடக்கும் துடுப்புபோல. பின்பக்கம் யாரோ ஏறி உட்கார்ந்தால் அப்படி ஆகும். பிக்கப்பின் சொந்தச் சக்கரங்களுக்கு வேறொரு திரை, வேகமுள்ளுக்குப் பக்கத்தில். இந்த ஒரு வருடத்தில் அவன் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்தான். பின் இடது: காற்று எழுபத்தெட்டு பவுண்ட். எண்பத்தொன்று. எண்பத்து நான்கு.

பின்சீட்டு ஸ்பிரிங் நெரிந்தது.

கருகிய ரப்பர் வாசனை. பிடரியில் வெப்பம்.

கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. சாலை. மஞ்சள் கோடு. சாலை.

நிறுத்தினால் அதற்கு வேண்டியது கிடைக்கும். நிறுத்தவில்லை.

ஸ்டியரிங் மறுபடி கனத்தது. முன்பக்கம் இறங்கியது. திரையில் முன் வலது சக்கரத்தின் எண் மட்டும் ஏறியது. அவனுக்குப் பக்கத்துச் சீட்டின் அடியில் இருக்கும் சக்கரம்.

டிங்.

பக்கத்துச் சீட்டில் ஆள் இருந்தால் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு. பெல்ட் போடவில்லை என்று சொல்லும் விளக்கு.

டிங். டிங். டிங்.

ஓரக்கண்ணில் சீட்டு காலி. வெயில் விழுந்த சாம்பல் நிறத் துணி. அதன் நடுவில் ஆழமான குழி.

ஈலி, இருபத்திரண்டு மைல். பின்னால் வெறும் கூடு அலுங்காமல் உருண்டு வந்தது. எதை நசுக்கக் கொண்டுபோகிறானோ, அது அதில் இல்லை.

வெஸ்லி பல்லைக் கடித்தான். இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டி, அந்தப் பக்கத்து பெல்ட்டைப் பற்றி இழுத்தான். குழிக்கு மேலே கொண்டுவந்தபோது விரல்களின் ரோமம் பொசுங்கியது. விடவில்லை. கொக்கியில் செருகினான். கிளிக்.

டிங் சத்தம் நின்றது.

"இறங்க விடமாட்டேன்" என்றான். "வண்டியோட சேத்து நசுக்கச் சொல்றேன். ஒண்ணுக்கு ரெண்டு."

வேகம் அறுபத்தைந்து. எழுபது.

பெல்ட் தொய்ந்து விழவில்லை. ஒரு மார்பின் மேல் கிடப்பதுபோல வளைந்து நின்றது. மெல்ல ஏறியது. இறங்கியது. ஏறியது.

பிறகு சுருளிலிருந்து பெல்ட் கழன்று வரும் சத்தம். ஒரு அங்குலம். இன்னொரு அங்குலம். வளைவு நகர்ந்தது, பொறுமையாக, அவன் பக்கம் சாய்ந்து.